கணுக்கால் உயரத்தில் ஒரு மரம்



ஊசியிலை மரம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? நெடுநெடுவென்று வளர்ந்த பைன் மரம். கூம்பு வடிவில் நிற்கும் தேவதாரு. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பனி போர்த்திய ஃபர் மரம். தவறில்லை. உலகிலேயே மிக உயரமான மரமும் ஊசியிலை இனத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடலோரத்தில் வளரும் ரெட்வுட் மரம் ஒன்று 115 மீட்டரையும் தாண்டி நிற்கிறது.

அந்த ரெட்வுட் மரத்துக்கு ஒரு நெருங்கிய உறவினர் உண்டு. இரண்டும் சைப்பிரஸ் குடும்பம். ஆனால் இந்த உறவினரின் உயரம் உங்கள் கணுக்காலைத் தாண்டினால் அதிகம். சில வகைகள் பதினைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மேலே வளர்வதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் இரண்டு மூன்று மீட்டர் பரவி, தரையின்மேல் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும். படர் ஜூனிப்பர் என்று இதைச் சொல்லலாம். தாவரவியலார் வைத்த பெயர் ஜுனிபெரஸ் ஹாரிசான்டாலிஸ். 'ஹாரிசான்டல்' என்றால் கிடைமட்டம் என்று கணக்கு வகுப்பில் படித்திருப்பீர்களே, அதே சொல்தான்.

இதன் தாயகம் வட அமெரிக்காவின் வடபகுதி. கனடா நாடெங்கும், அதன் தெற்கே அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பாறைக் கடற்கரையிலும், பெரும் ஏரிகளின் மணல்மேடுகளிலும், மொன்டானா போன்ற மாநிலங்களின் வறண்ட சரிவுகளிலும் தானாகவே வளர்கிறது. ஆண்டு முழுவதும் இலை உதிராமல் இருப்பதால், குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் புல்வெளிக்குப் பதிலாகவும், புல் வெட்டும் இயந்திரம் ஏற முடியாத சரிவுகளில் மண்ணை மூடவும் இதை நடுகிறார்கள். அங்குள்ள நாற்றுப்பண்ணைக்காரர்கள் இதைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: உறுதியான செடி, எந்தக் குளிரையும் தாங்கும், நட்டுவிட்டால் கவனிப்பே வேண்டாம்.

எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. நான் இயற்பியல் கற்பிப்பவன். செடியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று தாவரவியல் நண்பர்கள் கேட்கலாம். ஆனால் இந்தச் செடி பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் இயற்பியல் விவகாரம் என்பதே என் கருத்து. செய்தித்தாளில் நாம் படிக்கும் குளிரை இது தாங்குவதில்லை. அந்தக் குளிர் இருக்கும் இடத்திலேயே இது வசிப்பதில்லை! அதன் இருப்பிடம் தரைக்கு மேல் பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் வேறொரு தட்பவெப்பம். அதைப் புரிந்துகொள்ளாமல் நடுகிறவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள்.

வானிலை நிலையத்தின் வெப்பமானி எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வண்ணம் பூசிய, காற்றுப் புகும்படி பலகைச் சட்டங்கள் வைத்த ஒரு பெட்டிக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். "நேற்றைய குறைந்த அளவு வெப்பநிலை இத்தனை டிகிரி" என்று வானொலி சொல்வது அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலை. அதாவது மனித மார்பு உயரத்து வெப்பநிலை. எறும்புக்கும் புல்லுக்கும் படர் ஜூனிப்பருக்கும் அந்த எண்ணால் பெரிதாகப் பயனில்லை. ஜெர்மானிய வானிலை அறிஞர் ருடால்ஃப் கைகர் என்பவர் தரையை ஒட்டிய காற்றடுக்கின் தட்பவெப்பத்தைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதி 1927-இல் வெளியிட்டார். அந்த மெல்லிய அடுக்குக்குள் அவ்வளவு விஷயம் இருக்கிறது.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். ஓடும் நீர் ஆற்றின் நடுவில் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் செல்வதுபோல், வீசும் காற்றும் தரையை நெருங்க நெருங்க உராய்வினால் வேகம் குறைகிறது. கட்டையான புல் முளைத்த தரையின்மேல் 2 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தில் பாதிகூட 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதில்லை. காற்றின் விசையோ வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் மாறுவது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். மெய்ன் கடற்கரையில் குளிர்காலக் காற்று உப்புத் திவலைகளையும் பனித்துகள்களையும் வாரிக்கொண்டு வருகிறது. நிமிர்ந்து நிற்கும் மரத்தின் தளிர்களை அது தேய்த்தே அழித்துவிடும். கீழே கிடக்கும் ஜூனிப்பரின் மேல் அதன் வேகம் தணிந்துவிடுகிறது.

அடுத்து வெயில். காற்று மெதுவாக இருக்கும் இடத்தில், வெயிலால் சூடேறிய இலையிலிருந்து வெப்பம் எளிதில் அடித்துச் செல்லப்படுவதில்லை. மலையுச்சிகளில் திண்டுபோல் அடர்ந்து தரையோடு ஒட்டி வளரும் செடிகளின் இலைகள், வெயில் நேரத்தில் சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் சூடாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். வேனிற்காலம் குறுகியதாயுள்ள நாட்டில் இது பெரிய லாபம். அதே ஊரில் நெட்டையாக நிற்கும் மரம் 8 டிகிரிக் குளிரில் வேலை செய்யும்போது, இது 18 டிகிரியில் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும். இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை வந்துவிடுகிறது: படர் ஜூனிப்பரை மர நிழலிலோ வீட்டுக்கு வடக்கேயோ நட்டால், அது தரையோடு கிடப்பதன் லாபம் முழுவதும் போய்விடும். நிழலில் வைத்த செடி மெலிந்து, நடுவில் சொட்டையாகிப் போவதைத் தோட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நிழல் இடத்தை நிரப்ப இதைச் சிபாரிசு செய்யும் கடைக்காரரிடம் நீங்கள் தைரியமாக மறுத்துப் பேசலாம்.

ஆக, குள்ளமாக இருந்தால் எல்லாமே லாபமா? இல்லை. இங்கேதான் கவனம் தேவை.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியை மேல்வகுப்பில் படிப்பீர்கள். அதன்படி கணக்கிட்டால் 0 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு சுமார் 315 வாட் வீதம் ஆற்றலை வெளிவிடும். தெளிந்த வானம் அந்த அளவுக்குத் திருப்பித் தருவதில்லை. வரவைவிடச் செலவு அதிகம். தரை குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, குளிர்ந்த காற்று கனமானதால் மேலே எழாமல் அங்கேயே தேங்குகிறது. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்திருக்கும். அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி பல நாள் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலேயே காட்டும். இரண்டு அளவுகளும் சரிதான். அளந்த உயரம்தான் வேறு.

அப்படியானால் பகலில் சம்பாதித்ததைப் படர் ஜூனிப்பர் இரவில் இழந்துவிடுகிறதே! வடகனடாவின் குளிர்காலத்தில் எப்படித்தான் பிழைக்கிறது?

பனிப் போர்வை

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. உதகைப் புல்லில் பூப்பதும் பனி. இமயத்தில் கொட்டுவதும் பனி. நான் இப்போது சொல்லப்போவது வானிலிருந்து பஞ்சுபோல் பொழிந்து தரையில் குவியும் வெண்பனி. அதைத் தொட்டால் சில்லென்று இருப்பதால் அது குளிரைத் தருவது என்றே நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கம்பளி. புதிதாகப் பொழிந்த வெண்பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அந்தக் காற்று சிறு சிறு அறைகளில் அடைபட்டு அசையாமல் இருக்கிறது. அதனால் அதன் வெப்பக் கடத்துதிறன் திண்மப் பனிக்கட்டியினுடையதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அரை மீட்டர் வெண்பனி குவிந்து கிடந்தால், மேலே காற்று மைனஸ் 20 டிகிரியில் இருந்தாலும் கீழே மண்ணின் மேற்பரப்பு ஏறத்தாழ 0 டிகிரியிலேயே நிற்கும். பதினைந்து சென்டிமீட்டர் உயரச் செடி முழுவதும் அந்தப் போர்வைக்குள் அடங்கிவிடுகிறது. நெட்டை மரத்துக்கு இந்த வசதி கிடையாது. கிழக்குச் சைபீரியாவின் குட்டைப் பைன் ஒன்று இன்னும் சாமர்த்தியசாலி. வேனிலில் நிமிர்ந்திருக்கும் அதன் கிளைகள், குளிர் நெருங்கியதும் பனி பொழிவதற்கு முன்பே தரையில் படுத்துவிடும். வசந்தத்தில் மறுபடி எழும்.

போர்வை வெறும் குளிரிலிருந்து மட்டும் காக்கவில்லை, தாகத்திலிருந்தும் காக்கிறது. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். குளிர்காலத்தில் பசுமை மாறா மரங்கள் கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரடியான குளிர் அல்ல, வறட்சி. பனி மூடாத செடியின்மேல் பிப்ரவரி மாதத்து வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று மைனஸ் 10 டிகிரி. தரையோடு ஒட்டிய இலையோ வெயிலில் 10 டிகிரிக்குச் சூடேறிவிட்டது. 10 டிகிரியில் இலைக்குள் உள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 12 மில்லிபார். மைனஸ் 10 டிகிரிக் காற்றில், ஈரம் நிறைந்திருந்தால்கூட, 3 மில்லிபாருக்குக் குறைவு. நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நீராவி இலையிலிருந்து வெளியேறத்தானே செய்யும்! இலைத்துளைகள் மூடியிருந்தாலும், இலைத்தோலின் மெழுகு வழியாகச் சிறிது சிறிதாகக் கசிகிறது. இழந்த நீரை வேர் ஈடுகட்ட வேண்டும். மண்ணில் நீர் இருக்கிறது. ஆனால் அது பனிக்கட்டியாக இருக்கிறது. வேரால் உறிஞ்ச முடியாது. நிறைந்த கிணற்றைப் பூட்டி வைத்ததுபோல.

பகல் சூட்டை லாபம் என்று சொன்னேன் அல்லவா? மண் உறைந்திருக்கும் நாளில் அதே சூடு நட்டமாகிவிடுகிறது. ஆகவே படர் ஜூனிப்பருக்குக் கொடுமையான குளிர்காலம் பனி நிறைந்த குளிர்காலம் அல்ல. பனி இல்லாத குளிர்காலம்.

இதில் இன்னொரு முரணும் அடங்கியிருக்கிறது. உலகம் வெப்பமாகி வருகிறது. குளிர் நாடுகளில் பல இடங்களில் பனி தங்கும் நாட்கள் குறைகின்றன. செடிகளுக்கு இது நல்லதுதானே என்று தோன்றும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. அங்கே அறிவியலறிஞர்கள் சில பாத்திகளில் குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனியை மண்வாரியால் அள்ளி நீக்கிப் பார்த்தார்கள். போர்வை போனதும் மண் ஆழமாக உறைந்தது. நுண்வேர்கள் அதிகமாக மடிந்தன. 2001-இல் வெளியான இந்த ஆய்வின் முடிவைச் சுருக்கமாகச் சொன்னால், காற்று வெப்பமானால் மண் குளிரக்கூடும். அந்த ஆய்வு நடந்தது ஜூனிப்பரில் அல்ல, இலையுதிர் காட்டில். ஆனாலும் வெண்பனியை நம்பிக் கிடக்கும் எந்தச் செடிக்கும் அது எச்சரிக்கை. "எந்தக் குளிரையும் தாங்கும்" என்று எழுதி விற்பவர்கள் "பனி மூடியிருந்தால்" என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும் என்பேன்.

இதைப் புரிந்துகொண்டவர் என்ன செய்வார்? மண் உறைவதற்கு முன், இலையுதிர்காலத்தின் இறுதியில், வறண்ட ஆண்டாக இருந்தால் ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சுவார். செடியைச் சுற்றி மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பி வேருக்குப் போர்வை போடுவார். பாதையில் குவிந்த பனியை வேறெங்கோ கொட்டாமல் செடியின்மேல் மெதுவாகத் தூவிவிடுவார். இவையெல்லாம் பெரிய வேலைகள் அல்ல. ஆனால் "கவனிப்பே வேண்டாம்" என்று நம்புகிறவர் இவற்றைச் செய்யமாட்டார். அன்பு மிகுந்தவர்களோ எதிர்த்திசையில் போய், வேனில் முழுவதும் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். மணல்மேட்டிலும் பாறையிடுக்கிலும் பிறந்த செடி அது. வேரடியில் நீர் தேங்கினால் காற்றில்லாமல் வேர் அழுகும்.

பழுப்பானால் செத்ததா?

இந்த வகைச் செடிகளில் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரஷ்யாவின் தூரகிழக்கில், விளாடிவஸ்தோக் நகருக்கு அருகே 1921-இல் கண்டெடுக்கப்பட்டு, 1923-இல் கோமரோவ் என்ற தாவரவியலாரால் மைக்ரோபயோட்டா என்று பெயர் சூட்டப்பட்ட ஊசியிலைப் படர்செடி அது. இதுவும் சைப்பிரஸ் குடும்பம்தான். சிகோட்டே-அலின் மலைத்தொடரில், மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே வளர்கிறது. வேனிலில் பசும்புல் நிறம், குளிர்காலத்தில் செம்பழுப்பு. முதல் ஆண்டு இதைக் காணும் தோட்டக்காரர்களில் பலர் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்! ஜூனிப்பர் வகைகளில் சிலவும் குளிரில் கத்திரிப்பூ நிறம் கொள்கின்றன.

நிறம் ஏன் மாறுகிறது? பச்சையம் ஒளியை உறிஞ்சுவது இயற்பியல் நிகழ்ச்சி. வெப்பநிலை குறைந்தாலும் அது குறைவதில்லை. உறிஞ்சிய ஆற்றலைக்கொண்டு சர்க்கரை தயாரிப்பது வேதியியல் நிகழ்ச்சி. குளிரில் அது மிகவும் மந்தமாகிவிடும். வரவு அப்படியே இருக்க, செலவழிக்க வழியில்லை. தேங்கிய ஆற்றல் ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு இலையின் உள்ளுறுப்புகளையே தாக்கச் செய்யும். சைப்பிரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பல தாவரங்கள் குளிர்காலத்தில் ரோடோசாந்தின் என்ற செந்நிறப் பொருளை இலையில் சேர்த்து, வரும் ஒளியில் ஒரு பங்கை வடிகட்டிவிடுகின்றன. நாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லையா? ஜப்பானின் சுகி மரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். வெயில் படும் இலை சிவந்திருக்கும். அதே மரத்தில் நிழலில் உள்ள இலை பச்சையாகவே இருக்கும். குளிர்தான் நேரடிக் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாகவே சிவந்திருக்க வேண்டும்.

நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே ஈரமும் பச்சையும் இருந்தால் உயிர் இருக்கிறது. உலர்ந்து பழுப்பாக இருந்து, இலைகளும் தொட்டால் உதிர்ந்தால் அந்தக் கிளை போய்விட்டது. வசந்தம் வரும்வரை காத்திருப்பது இன்னும் நல்ல சோதனை.

இடைவெளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கும் செடி ஒரு சாண் அகலம்தான் இருக்கும். தோட்டம் சீக்கிரம் நிறைய வேண்டும் என்ற அவசரத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நடுகிறார்கள். செடி ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம் பரவக்கூடியது. ஆரம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்கு என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. ஒரு செடிக்குப் போதுமான இடத்தில் பதினாறு செடிகள்! சில ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளவை ஒளியின்றி இலை இழக்கும். சரி, வெட்டிவிட்டால் துளிர்க்காதா என்று கேட்பீர்கள். முருங்கையையோ பூவரசையோ வெட்டினால் துளிர்ப்பதுபோல் ஜூனிப்பர் துளிர்ப்பதில்லை. இலையற்ற பழைய கட்டையில் புதுத்தளிர் வராது. சொட்டை சொட்டையாகவே நிற்கும். ஒன்றரை மீட்டராவது விட்டு நட்டு, நடுவில் உள்ள வெற்றிடத்தை மரப்பட்டைத் துண்டுகளால் மூடிப் பொறுமையாக இருப்பதே வழி.

சரிவுகளில் இதை நடுவதை மட்டும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். காரணம் மழைத்துளி. ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. வெறும் மண்ணாக இருந்தால் அந்த அடியில் மண்துகள்கள் சிதறி, வழிந்தோடும் நீரில் கலந்து போகும். துளி ஜூனிப்பர் இலையில் விழுந்து, பின் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சொட்டினால் அதன் வேகம் என்ன? v² = 2gh என்ற சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1.7 மீட்டர்தான் வரும். இயக்க ஆற்றல் இருபத்தெட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. உயரமான மரங்களால் இதைச் செய்ய முடியாது. பத்து மீட்டர் உயர இலையிலிருந்து சொட்டும் துளி தரைக்கு வருவதற்குள் இழந்த வேகத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடும். தேக்குத் தோப்பில் அகன்ற இலைகளிலிருந்து பெரிய பெரிய துளிகளாகச் சொட்டி, அடியில் புல்பூண்டு இல்லாத இடங்களில் மண் அரிக்கப்படுவது இதனால்தான். மரம் நட்டுவிட்டால் மண் அரிப்பு நின்றுவிடும் என்று நாம் எழுதும் கட்டுரைகளில் "அடியில் சிறுசெடிகளும் இருந்தால்" என்று சேர்த்துக்கொள்வது நல்லது.

கிளை தரையைத் தொடும் இடத்தில் எல்லாம் புது வேர் விடுவது படர் ஜூனிப்பரின் இன்னொரு பலம். காற்று வாரும் மணல்மேட்டை அது தையல் போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. இதே வேலையை நம் கடற்கரை மணலில் அடப்பங்கொடி செய்கிறது. இலக்கியத்தில் அடும்பு என்று வருவது அதுதான். ஆட்டுக்குளம்பு போன்ற இலை, கத்திரிப்பூ நிற மலர், கணுவுக்குக் கணு வேர். குடும்பம் வேறு, கண்டம் வேறு. காற்றும் மணலும் கொடுத்த கணக்கு ஒன்று. இரண்டும் தரையோடு படுத்தே விடை கண்டிருக்கின்றன.

தோட்டங்களில் பரவலாக உள்ள வகையைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் உண்டு. மெய்ன் கரைக்கு அப்பாலுள்ள வினல்ஹேவன் தீவில் 1914-இல் ஒரு செடி கண்டெடுக்கப்பட்டது. மிகவும் தட்டையானது, வெள்ளியும் நீலமும் கலந்த நிறம். கனெக்டிகட் மாநிலத்து வில்ட்டன் என்ற ஊரின் நாற்றுப்பண்ணை வழியாகப் பரவியதால் 'வில்ட்டோனி' என்று பெயர் பெற்றது. 'நீலக் கம்பளம்' என்றும் அழைக்கிறார்கள். அந்த ஒரே செடியின் துண்டுகளை நட்டு, அவற்றின் துண்டுகளை நட்டு, இன்று எண்ணற்ற தோட்டங்களில் அது வளர்கிறது. அது பெண் செடி. நீல நிறக் கனிபோன்ற சதைப்பற்றுள்ள கூம்புகளைத் தரும். ஆனால் அவ்வளவு தோட்டங்களிலும் இருப்பது மரபுப்படி ஒரே செடி! ஈரமான வசந்தத்தில் ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சை ஜூனிப்பரின் இளந்தளிர்களை நுனியிலிருந்து கருகச் செய்கிறது. காட்டில் நூறு செடிகள் இருந்தால் நூறும் வெவ்வேறு. சில மடிந்தாலும் சில எதிர்த்து நிற்கும். ஒரே செடியின் நூறு நகல்களில் ஒன்றை வென்ற பூஞ்சை மற்ற தொண்ணூற்றொன்பதையும் வெல்லும். ஒரு சரிவு முழுவதும் ஒரே வகையை நடுகிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. மூன்று நான்கு வகைகளைக் கலந்து நட்டால் நிறம் ஒரே சீராக இராது; அவ்வளவுதான் நட்டம்.

இவ்வளவும் படித்துவிட்டு, நம் வீட்டு முற்றத்தில் ஒரு படர் ஜூனிப்பர் வைக்கலாமா என்று உங்களில் யாரேனும் கேட்டால், என் பதில்: வேண்டாம். அது குளிர்கால ஓய்வுக்குப் பழகிய செடி. அமெரிக்காவிலேயே தெற்கே, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மாநிலங்களில் அது திணறுகிறது. நம் சமவெளியின் இரவுகள் அதற்கு ஒத்துவராது. தென்னிந்திய மலைகளில் இயற்கையாகவே வளரும் ஊசியிலை இனம் ஒன்றே ஒன்றுதான். நாகெயா என்ற அந்த மரத்துக்கும் இலை ஊசியாக இல்லாமல் அகலமாக இருக்கும்! நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நீங்கள் பார்க்கும் பைனும் சைப்பிரஸும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை.

செடியை வாங்க வேண்டாம். ஆனால் அது வசிக்கும் தட்பவெப்பத்தை நீங்கள் பள்ளித் திடலிலேயே அளந்து பார்க்கலாம். ஆய்வகத்து வெப்பமானிகள் மூன்று போதும். ஒரு கம்பை நட்டு, தரையிலிருந்து 5 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர், 150 சென்டிமீட்டர் உயரங்களில் கட்டுங்கள். ஒவ்வொன்றின் குமிழுக்கு மேலும் வெள்ளை அட்டையால் ஒரு சிறு கூரை போடுங்கள். நேர்வெயில் பட்டால் வெப்பமானி காற்றின் வெப்பநிலையைக் காட்டாமல் தன் வெப்பநிலையைக் காட்டும். தை அல்லது மாசி மாதத்தில், மேகமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகல் 2 மணிக்கு ஒருமுறை, மறுநாள் சூரியன் உதிக்குமுன் ஒருமுறை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேகம் மூடிய ஓர் இரவில் அதையே திரும்பச் செய்து, இரண்டு விடியற்காலை அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வெறுந்தரையில் ஒரு கம்பும், புல் அடர்ந்த இடத்தில் இன்னொரு கம்பும் நட வசதி இருந்தால் இன்னும் நல்லது. காலை அளவை மட்டும் தாமதிக்காமல் எடுங்கள். வெயில் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டால், கீழே உள்ள வெப்பமானி இரவு நடந்ததைச் சொல்லாது.